புது வர்ணம் பூசிய இஞ்சின்

எங்கள் முரளிக்குப் பல் முளைத்த சமயம், கையில் எப்போதும் அந்தச் சின்ன மர இஞ்சின்தான். மைசூர் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் கணவர் அவனுக்காகச் செய்தது. அதன் புகைபோக்கியை ஓயாமல் கடிப்பான். இரண்டு வயது முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான்.

அந்த வருடம் நாங்கள் கொலு வைக்கவில்லை. மறு தசராவுக்கு என் கணவர் இஞ்சினைத் தேய்த்து இழைத்து, கறுப்பு வர்ணம் பூசி, பித்தளைப் பட்டை கட்டிக் கொண்டுவந்தார்.

"பாரு, நிஜ இஞ்சின் மாதிரியே இல்லே?" என்று என் முகத்தையே பார்த்தார்.

புகைபோக்கியைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. பல் தடம் ஒன்றுகூட இல்லை.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். முரளி போனபின் அன்றுதான் அவர் சிரித்தார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

மகாராஜாவின் ஊர்வலம் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு கௌரம்மா குழந்தையோடு எங்கள் கொலு பார்க்க வந்தாள். குழந்தை தவழ்ந்து போய்க் கீழ்ப்படியிலிருந்த இஞ்சினை எடுத்து வாயில் வைத்தது.

"அய்யய்யோ, கடிக்கிறான் அக்கா!" என்று அவள் பாய்ந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இருக்கட்டும் விடும்மா. கடிக்கட்டும்."

கொலு கலைத்த அன்று எல்லாப் பொம்மைகளையும் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். இஞ்சினை மட்டும் துடைக்கவில்லை.