பிரின்சஸ் என்கிறவள்

என் கணவருக்கு இன்னொருத்தியோடு பழக்கம் என்று நம்பி நான் அழுத காலம் ஒன்று உண்டு. அவள் பெயர் பிரின்சஸ். கோலார் தங்கவயல் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வைப்பார்கள். என் வகுப்பிலேயே ஒரு பிரின்சஸ் இருந்தாள்.

2001-இல் சுரங்கம் மூடியதும் பெங்களூர் ஆடுகோடிக்கு வந்தோம். அவருக்கு ஒரு பட்டறையில் வேலை. அடுத்த வருடம் முதல் நேரத்துக்கு வீட்டுக்கு வருவது நின்றுபோனது. கேட்டால் ஓவர்டைம் என்பார். பட்டறையில் விசாரித்தால், "அப்பவே கிளம்பிட்டாரும்மா" என்பார்கள். ஒரு ஞாயிறு மதியத் தூக்கத்தில், "பிரின்சஸ், இதோ வந்துட்டேன்" என்றார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. மார்க்கெட்டில் நல்ல புடவை கட்டியவளை எல்லாம் இவளோ, இவளோ என்று பார்த்தேன். கண்ணாடியில் என் நரையைப் பார்த்து வெந்தேன். 'ஆண்டவரே, அவளை விலக்கும்.' அதுதான் என் ஜெபம்.

எனக்குக் கூச்சம் அதிகம். எனக்காக ஜெபியுங்கள் என்று சபையில் ஜெபக்குறிப்பு சொன்னதே இல்லை. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் உபவாச ஜெபத்தில், தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு பிரின்சஸ்னு ஒருத்திகிட்ட மாட்டிக்கிட்டாரு."

"எந்த பிரின்சஸ்க்கா? எங்க இருக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்த நர்ஸ் ஸ்டெல்லா.

"தெரியலம்மா. கோட்டைக்குள்ள அடைச்சு வச்சிருக்காங்க, காப்பாத்தணும்னு தூக்கத்துல சொல்றாரு."

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, அது பொம்பளையே இல்ல. வீடியோ கேம்ல வர்ற பொம்மை."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணாக இருந்தால் சண்டை போடலாம். ஒரு பொம்மையிடமா தோற்றேன்?

மறுநாள் மாலை ஸ்டெல்லாவோடு பட்டறைக்குப் பின்தெருவில் இருந்த கேம்ஸ் கடைக்குப் போனேன். காலேஜ் பசங்கள் நடுவில் அவர் இருந்தார். திரையைப் பார்த்த அந்த முகத்தில் இருந்த ஆசை, எனக்குக் கிடைத்து எத்தனையோ நாள் ஆயிற்று.

"வாங்க, போகலாம்."

"இரு, இன்னும் ஒரு லைஃப் இருக்கு" என்றார், திரும்பாமலே. பிறகுதான் அது என் குரல் என்று உறைத்தது. எழுந்தார்.

"நிறுத்தத் தெரியல செல்வி. இந்த கேம்ல கீழ பாதாளத்துக்கு இறங்குனா எனக்கு ஒரு வேலை இருக்கு."

வருடக்கணக்காகச் சுரங்கத்தில் இறங்கியவர் அவர். அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

"இதுவும் குடி மாதிரிதாண்ணா. வெக்கப்படாதீங்க, இதுக்கும் டாக்டர் இருக்காங்க" என்று ஸ்டெல்லா தன் ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டரிடம் அழைத்துப்போனாள். வாராவாரம் இருவரும் பஸ்ஸில் போனோம். பட்டறையிலிருந்து வேறு வழியாக வரச் சொன்னார் டாக்டர். சாயங்காலம் கைக்கு வேலை வேண்டும் என்றார். நடுவில் இவர் மறுபடியும் அந்தக் கடைக்குப் போய்விட்டார். அழுதேன், ஜெபித்தேன், திரும்பவும் டாக்டரிடம் போனோம். கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. இன்று சபையின் பெஞ்சுகளை எல்லாம் பழுதுபார்ப்பது அவர்தான்.

அவளை விலக்கும் என்று கேட்டேன். கர்த்தர் முதலில் என் வாயைத் திறந்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் மூடி வைக்காதீர்கள். கர்த்தரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சகோதரியிடமும் சொல்லுங்கள்.

போன ஞாயிறு சபையில் ஒரு குழந்தைக்குப் பிரின்சஸ் என்று பெயர் வைத்து ஜெபித்தார்கள். சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டவருக்கு நன்றி.