குருத்தோலைப் பவனியில் ஒரு கழுதை

என் மகளைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டோம் என்று சொன்னால் கேட்பவர்கள் ஒரு நிமிடம் விழிப்பார்கள். யாரையாவது அவமானப்படுத்தத்தானே அப்படிச் செய்வார்கள் என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். கேட்கட்டும். எனக்கு அந்த நாட்கள்மேல் உள்ள ஆசை இன்னும் தீரவில்லை.

குழித்துறையிலிருந்து ஆற்றோரமாகக் கொஞ்சம் உள்ளே போனால் அந்தத் தென்னந்தோப்பு. வளைகுடாவில் குதிரை லாயத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவரும், பிசியோதெரபி படித்த அவர் மனைவியும் அங்கே ஒரு சவாரிப் பயிற்சி நிலையம் நடத்தினார்கள். கடற்கரையில் சவாரி சுமந்து ஓய்ந்த ஒரு குதிரை, ஒரு கழுதை, சில ஆடுகள். நடக்க முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள், பேச்சு வராதவர்கள், எல்லாம் சரியாக இருக்கிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் சனிக்கிழமை வரலாம்.

என் மகளுக்குப் பிறப்பிலிருந்தே மூளை முடக்குவாதம். கால் ஊன்றாது, வலது கை எப்போதும் மூடியே இருக்கும், பேச்சு மெதுவாக வரும். அவள் அப்பா மஸ்கட்டில், அவள் என் இடுப்பில். அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடியது.

போன முதல் நாளே, எப்போது சவாரி என்று கேட்டேன்.

“சவாரி பொறவு. மொதல்ல வேல. இஞ்ச ஆரும் சும்மா இருக்கப்பிடாது” என்றார் தோப்புக்காரர்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வந்தது சாணி அள்ளவா? ஆனால் அங்கே பார்வையில்லாத ஒரு இளைஞன் குதிரையின் வாலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த ஒரு பெரியவர் இடது கையால் ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டபடி, அவற்றை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார். என் மகளுக்குக் கழுதைக்குத் தவிட்டு உருண்டை கொடுக்கும் வேலை. அவள் வலது கைக்குள் உருண்டையைச் செருகினார்கள். அந்த விரல்களைப் பிரித்துவிட நான் ஓடினேன்.

“விடுங்கக்கா, அது பாத்துக்கிடும்” என்று பிசியோதெரபிக்காரி என்னைத் தடுத்தாள்.

கழுதை மூக்கை வைத்து முகர்ந்தது. ஈர உதட்டால் அந்த மூடிய கையை மெல்ல மெல்லத் தடவியது. அவசரமே இல்லை அதற்கு. என் மகளுக்குக் கூச்சம் தாங்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பில் விரல்கள் தளர்ந்து உருண்டை கழுதை வாய்க்குப் போய்விட்டது. நான் அங்கேயே அழுதேன். பிறகு முந்தானையால் அவள் கையைத் துடைத்தேன், கழுதை எச்சில் ஆயிற்றே.

அதன்பின் ஒரு சனிக்கிழமை விட்டதில்லை. தலைக்கவசம் மாட்டி அவளைக் கழுதைமேல் ஏற்றுவார்கள். தோப்புக்காரர் கயிற்றைப் பிடித்து முன்னே நடப்பார். இடப்பக்கம் அவர் மனைவி, வலப்பக்கம் நான், அவள் தொடைமேல் கையை அழுத்தியபடி. என் இடத்துக்கு ஒரு கல்லூரிப் பெண்ணைப் பழக்கினார்கள். நானா இடம் கொடுப்பேன்? என் கை இல்லாமல் கழுதை ஓரடி நகர்ந்ததில்லை. திரும்பும் வழியில் இரண்டு பேரும் பழம்பொரி வாங்கித் தின்போம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். அந்தக் கழுதை நாற்றம்கூட இப்போது எனக்கு வேண்டியிருக்கிறது.

இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் போன நாளை நினைத்து, எங்கள் சபையில் குருத்தோலை ஞாயிறன்று எல்லோரும் ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார்கள். பவனி திரும்பும்வரை நானும் அவளும் வேதக்கோயில் வாசலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருப்போம். பதினான்கு வயதில் அவள் ஒரு நாள், “நானும் போணும். கழுதையில” என்றாள். சபைக் கமிட்டியிடம் போனேன்.

“கழுதைக்க மேல பிள்ளைய இருத்தி, வல்லதும் ஆச்சுன்னா ஆரு பதில் சொல்லுகது?” என்றார் செயலர்.

“வருஷம் முழுக்க நான்தான சொல்லுகேன்? அன்னைக்கும் நானே சொல்லுகேன், அண்ணாச்சி” என்றேன்.

போதகர் சிரித்துவிட்டார். “இந்த ஒரு ஞாயித்துக்கெழம கழுதைய வராதன்னு சொல்ல நாம ஆரு?” என்றார். அதோடு முடிந்தது.

எல்லாம் யோசித்தோம். மேளத்துக்கு மிரளாதபடி தோப்பில் மேளம் அடித்துப் பழக்கினோம். வெடி கூடாது என்றோம். ஆனால் பச்சைக் குருத்தோலை கழுதைக்குத் தீனி என்பது சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கோயில் வாசல் தாண்டியதும் கழுதை முதலில் செயலர் கையிலிருந்த ஓலையைக் கடித்து இழுத்தது. பிறகு பாடகர் குழுவின் ஓலைகளை. சுற்றிலும் தீனி ஆடிக்கொண்டிருக்க அது ஏன் நடக்கும்? நின்றுவிட்டது. பாட்டு பாதியில் அறுந்தது, மேளம் ஓய்ந்தது. அது கழுத்தை வளைத்த வளைப்பில் என் மகள் ஒரு பக்கம் சரிந்தாள். இரண்டு கையாலும் அவளைக் கட்டிப் பிடித்தேன்.

“போதும், எறக்குங்க!” என்று கத்தினேன். செயலரும் அதையே சொன்னார்.

“வேண்டாம்” என்றாள் அவள். பிறகு, ஒவ்வொரு சொல்லாக, “எல்லாரும்... ஓலைய... பொறத்தால... ஒளிச்சுப் பிடியுங்க.”

அவள் சொல்லி முடிக்கும்வரை அத்தனை பேரும் காத்துநின்றார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, போதகர் உட்பட, திருட்டு மாங்காயை மறைப்பதுபோல ஓலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். கழுதை நாலு பக்கமும் பார்த்தது. ஒரு பெருமூச்சு விட்டது.

“அம்மா, நீயும் மாறி நில்லு” என்றாள்.

“விழுந்திருவ மக்ளே.”

“மாட்டேன். அந்த அக்கா வரட்டு.”

தோப்பிலிருந்து எங்களோடு வந்து ஓலை பிடித்து நின்ற கல்லூரிப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். இத்தனை பேர் முன்னால் என்ன சண்டை போட? கையை எடுத்தேன். அந்தப் பெண் ஓலையை என்னிடம் தந்துவிட்டு என் இடத்தில் நின்றாள். பாட்டு மறுபடி எழுந்தது, கழுதை நடந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பாடகர் குழு என்னைத் தாண்டிப் போனது, பிள்ளைகள் போனார்கள், பெண்கள் போனார்கள். பவனியின் கடைசிக்கு வந்துவிட்டேன்.

பிந்தி ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பில் பிள்ளை இல்லாமல் என்னைத் தெருவில் கண்டதும் பதறிப்போனாள்.

“பிள்ள எஞ்ச?” என்றாள்.

“முன்னால போறா” என்றேன்.