பத்து நொடி பின்னால்

என் குரல் நன்றாக இல்லை என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. வேலையிடத்தில் என்னையும் பக்கத்து இருக்கைக்காரியையும் ஒரே தாளை வாசிக்கச் சொன்னார்கள். அவள் குரலை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மதுரையில் நான் வேலை பார்க்கும் சின்ன அலுவலகம் எங்கள் பக்கத்து ஊர்களுக்காக ஒரு செயலி நடத்துகிறது. மழை, பருத்தி விலை, மின்தடை நேரம் என்று தினமும் காலையில் வாசித்துச் சொல்லும். வாசிப்பவள் அவள், திருச்சுழிப் பக்கத்துக்காரி. அந்தச் செயலிக்குள் ஒலியை ஓட்டும் பாகம் என் பொறுப்பு. அதாவது, அவள் குரல் தடங்கலில்லாமல் ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்பதற்காக நான் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் இடிபட்டுப் போய் வருகிறேன். வயிறு எரியுமா எரியாதா?

அந்தப் பாகத்தை நாங்களாக எழுதவில்லை. யாரோ எழுதி வைத்திருந்ததை எடுத்துப் பொருத்தியிருந்தோம். அதற்குள் வேவு பார்க்கும் நிரல் துண்டு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. எந்த போனில் எத்தனை மணிக்குக் கேட்டார்கள், எங்கே நிறுத்தினார்கள், பத்து நொடி பின்னால் தள்ளும் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினார்கள் என்று சகலத்தையும் எங்கள் எல்லோருக்கும் பட்டியலாக அனுப்பும். பெயர் வராது. போனுக்கு ஒரு நீளமான எண் வரும். மொத்தம் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், அந்த எண் நமக்கெதற்கு, அடைத்துவிடு என்று மேலாளர் என்னிடம் சொல்லியிருந்தார். ஒரு மணி நேர வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கணவர் விசைத்தறிக் கூடத்தில் தறி பழுது பார்ப்பவர். அடுப்படியிலிருந்து நான் நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புவார். அன்றைக்கு அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் பேசப் பேச அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொடுத்த காபியில் ஆடை படிந்துவிட்டது. அவள் கிளம்பிய பிறகு, “நல்லாத் தெளிவாப் பேசுது அந்தப் பிள்ள” என்றார். எனக்கு எரிச்சல் உச்சந்தலை வரை ஏறியது.

அவர் போனில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தது நான்தான். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதையும் அவரைக் கேட்காமல் நானே அழுத்தியிருந்தேன். மறுநாள் அவர் குளிக்கப் போன நேரம் செயலியின் கடைசிப் பக்கத்தில் இருந்த அந்த நீளமான எண்ணைப் பார்த்து ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். நிதானமாகத்தான் எழுதினேன்.

மூன்று வாரம் பார்த்தேன். நாலு நிமிட வாசிப்பை அவர் ஆறு நிமிடம் வரை கேட்டார். மற்றவர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிற இடத்தில் அவர் ஏழு தடவை, எட்டு தடவை பின்னால் தள்ளினார். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவாள். நான் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எதிரில் போய் நின்றேன்.

“அவ குரல்ல அப்படி என்னங்க இருக்கு? முந்தாநாளு மின்தடைச் சேதிய மட்டும் ஒம்பது தடவ பின்னால தள்ளிக் கேட்டிருக்கீக!”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஒனக்கு எப்படித் தெரியும்?”

சொன்னேன். எண், டிக்கெட், மூன்று வாரம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட அடுத்த கேள்வி, “வேற யாருக்கெல்லாம் தெரியும்?” என்பதுதான். மாட்டிக்கொண்டவன் கேட்கிற கேள்வி என்றே நினைத்தேன்.

“எனக்குக் காது சரியாக் கேக்கல,” என்றார். “ரெண்டு வருசமா இப்படித்தான். தறிச் சத்தத்த வச்சுத்தான் என்ன கோளாறுன்னு சொல்லணும். இப்ப கைய வச்சுப் பாத்து ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா அனுப்பிருவாக.”

தறிக்கூடத்து இரைச்சலில் எல்லோருமே வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அதனால் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டில் நான் எப்போதும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவள்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“ரெண்டாந் தடவ கேட்டாலே வள்ளுன்னு விழுவ. அந்தப் பிள்ள சொல்றது வெளங்கலைன்னா பின்னால தள்ளிக் கேட்டுக்கிறேன். ஒன்னைய எங்கிட்டுத் தள்ளுறது?”

அவர் தன் போனிலிருந்து செயலியை அழிக்கவில்லை. ஆனால் போனை என் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்த எண் வருவதையே அடைக்கப் பட்டியலைத் திறந்தேன். பக்கத்து இருக்கையிலிருந்து அவள் எட்டிப் பார்த்து, அவருடைய எண் இருந்த வரியிலேயே விரலை வைத்தாள்.

“இந்த போனுக்காரவுக யாருன்னு தெரியல. காது மந்தம் போல இருக்கு, பாவம். மின்தடை நேரத்தத்தான் திருப்பித் திருப்பிக் கேக்குறாக. அதான் இன்னையிலயிருந்து அந்த எடத்த மட்டும் நிறுத்தி ரெண்டு தடவ வாசிக்கலாம்னு இருக்கேன்.”

நான் மூன்று வாரம் உற்றுப் பார்த்த அதே வரி. யாரென்றே தெரியாமல் அவளுக்குப் புரிந்திருக்கிறது. கூடவே படுத்து எழுகிற எனக்கு என்னென்னவோ புரிந்தது. மத்தியானத்துக்குள் எண்ணை அடைத்து முடித்தேன். அது யார் என்று அவளிடம் சொல்லவில்லை. அவருடைய ரகசியம் இனிமேல் என் வழியாக வெளியே போகக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. சொன்னால் அவருக்காகவே இன்னும் நிதானமாக வாசிப்பாள். அதை என்னால் தாங்க முடியாது.