செவலை மேல் போட்ட பழி

கொளஞ்சி ஜெயித்து வாங்கியவை: இரண்டு முறை கலைந்து மூன்றாம் முறை கூடிய கல்யாணம், தன் பேச்சால் காப்பாற்றிய ஒரு கன்று, வெட்கப்படாமல் பகலில் உறங்கும் உரிமை, இருபத்தெட்டு வயதில் கைக்கு வந்த நான்கு எழுத்துகள். ஒவ்வொன்றின் தேதியும் அக்கா அமிர்தத்துக்கு மனப்பாடம்.

சிறு வயதிலிருந்தே கொளஞ்சிக்கு மூச்சு மூக்கில் நேராக ஏறாது. இரண்டாம் வகுப்பில் பெஞ்சிலேயே தூங்கிவிடுவாள். மணலில் படகை இழுப்பதுபோலச் சத்தம் கிளம்பும், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் வீட்டில் வைத்த சிலேட்டை அவள் திரும்ப எடுக்கவே இல்லை. அமிர்தம் எட்டாவது வரை போனாள். தங்கை மாட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

அங்கே யாரும் சிரிக்கவில்லை. செவலைப் பசு அசைபோடும்போது ஒரு மூச்சு விடும், படுத்ததும் வயிறு தளர்ந்து நீளமாக ஒன்று விடும். சினையான பிறகு அதற்கும் அடியில் மெல்லிய இழுப்பு ஒன்று சேர்ந்தது. கேட்டுக்கொண்டே கொளஞ்சி அதன் பக்கத்தில் சாய்வாள். இரண்டு மூச்சும் கலந்து, உப்பனாற்றில் தண்ணீர் ஏறி இறங்குவதுபோலக் குடிகாடு கிராமத்து வெயில் முழுக்க அசைந்துகொண்டிருக்கும்.

2009 மே மாதம், நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன சிதம்பரத்துக்காரர்கள் இரண்டு மணிக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை இளவரசு கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போடுபவர்; கூட அவர் அம்மா ராசம்மாள். பின்கட்டில் கொளஞ்சி உறக்கத்தில் இருந்தாள்.

"என்னம்மா அது சத்தம்?" என்றார் ராசம்மாள்.

முந்தைய இரண்டு சம்பந்தமும் இந்தச் சத்தத்தில்தான் போயின. அமிர்தத்தின் வாய் முந்திக்கொண்டது. "மாடுங்க. சளி," என்றபடி பின்கட்டுக் கதவைச் சாத்தினாள்.

இளவரசு காதைக் கொடுத்தார். "சளி இல்லீங்க. குளத்துத் தண்ணி குடிக்குதா? நத்தையால வர்ற மூக்கு நோயி இது. மாடு இப்படித்தான் குறட்டை வுடும். ஊசி இருக்கு, அடுத்த வாரம் கொண்டாரேன்."

"பொண்ணு பாக்க வந்த எடத்துலயும் இவனுக்கு மாட்டு மூக்குலதான் கண்ணு!" என்று ராசம்மாள் சிரித்தார். பிறகு வந்து நின்ற பெண்ணையும் பிடித்துப்போயிற்று.

சொன்னபடியே அடுத்த வியாழக்கிழமை இளவரசு மருந்தோடு வந்து நின்றார்.

"சினை மாட்டுக்குப் போடலாமா?" என்று கொளஞ்சி கேட்டாள்.

"கடுமையான மருந்துதான். கன்னுக்கு ஆபத்து வரலாம். ஆனா வுட்டா தாய்க்கு மூக்கே அடைச்சிரும்."

அமிர்தம் தங்கையைக் கண்ணாலேயே கெஞ்சினாள்: பேசாதே. இதுவும் போனால் இனி எவன் வருவான்? கொளஞ்சி அக்காவைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள். பிறகு செவலைக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அன்னிக்குக் கேட்டது செவலை இல்ல. நாந்தான்."

இளவரசு குனிந்து பசுவின் மூக்கருகே காதை வைத்தார். வெகுநேரம் கேட்டார்.

"சுத்தமா இருக்கு. அப்ப ஊசிய உனக்குத்தான் போடணும்."

முதலில் சிரித்தது கொளஞ்சிதான்.

"எங்கம்மா வுடுற குறட்டைய நீ கேக்கல," என்றார் அவர். "சின்னதுல அது நின்னாதான் எனக்கு முழிப்பு வரும். அம்மா இருக்காங்களான்னு எழுந்து பாப்பேன்." அமிர்தத்தின் பக்கம் திரும்பினார். "மாட்டு மேல பழியப் போட்டீங்களே அக்கா, பாவம்!"

ஆவணியில் செவலை கிடாரிக் கன்று ஈன்றது. தை மாதம் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வைக்கமாட்டேன் என்று கொளஞ்சி பிடிவாதம் பிடித்தாள். தூங்கும் கன்றின் முதுகில் விரலால் தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்தாள். அதன் மூச்சுக்குத் தக்கபடி எழுத்து ஏறி இறங்கியது. எழுதியபடியே அவளும் உறங்கிப்போனாள். இந்த முறை அமிர்தம் கதவைச் சாத்தவில்லை.

கொளஞ்சி முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2010 பிப்ரவரி 11, வியாழக்கிழமை.