பாண்டுரங்கன் கையிலிருந்த பெயர்

கல்யாணமான மறுநாள் காலையில், வாசலில் குந்திப் பல் விளக்கிக்கொண்டிருந்த புருஷனின் இடது முன்கையில் பச்சை குத்தியிருந்ததைத் தேசம்மா பார்த்தாள். ஐந்தாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ரோ. ஸி. மேலே சின்னதாக ஒரு ரோஜாப்பூ.

"யாருய்யா அது?"

பாண்டுரங்கன் மறைக்கவில்லை. சாந்தோம் பக்கத்துப் பெண், மாதா கோயில்காரர்கள், இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை, அவளைக் கோவளத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றான். சொல்லிவிட்டு வாய் கொப்பளித்துத் துப்பினான். அவனுக்கு விஷயம் அதோடு முடிந்தது. தேசம்மாவுக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் அவர்கள் குடிசை. அவன் கடலுக்குப் போவான். அவன் கொண்டுவரும் மீனை அவள் கூடையில் சுமந்து ராயப்பேட்டைத் தெருக்களில் விற்பாள். உழைப்பாளி, நல்ல பேச்சுக்காரி, குப்பத்தில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் ஓடுகிறவள். அந்த ஒரு கை விஷயத்தில் மட்டும் அவளுக்குப் புத்தி நிலைகொள்ளாது. மகள் பிறந்தபின், குழந்தை அந்தக் கையில் தலைவைத்துத் தூங்கினால் தூக்கி வலது பக்கம் போடுவாள். முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தாள். கட்டுமரத்தில் போகிறவன் முழுக்கைச் சட்டை போடுவானா? ஒருநாள் யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து அந்த இடத்தில் அப்பிவிட்டாள். தோல் வெந்து, உரிந்து, சீழ் வைத்து ஆறியது. ஆறியபின் பார்த்தால் ரோஜாப்பூவில் ஓரிதழ்தான் போயிருந்தது. பெயர் முன்னைவிடத் தெளிவாகத் தெரிவதாகத் தேசம்மாவுக்குத் தோன்றியது.

ராயப்பேட்டையில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவர் சகினா டாக்டர். தோல் வைத்தியர், ஆழ்வார்பேட்டையில் சொந்தமாகச் சின்ன கிளினிக் வைத்திருந்தார். தொண்ணூற்றெட்டில் ஒருநாள் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே தேசம்மா கேட்டாள்.

"டாக்டரம்மா, பச்சைய அழிக்க மருந்து எதுனா கீதா?"

"மருந்து இல்ல. லேசர் மெஷின் ஒண்ணு புதுசா வாங்கியிருக்கேன். அதுல போகும். யாருக்கு?"

தேசம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லாக் கதையையும் சொன்னாள். சகினா சிரிக்கவில்லை. நம்மூர்க் கறுப்புத் தோலில் அந்த இயந்திரத்தை எவ்வளவு வேகத்தில் வைப்பது என்று அவரே அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார். கூட்டி வா, காசு வேண்டாம், ஆனால் ஒரே தடவையில் போகாது, லேசாகத் தழும்பு நின்றாலும் நிற்கும் என்றார்.

பாண்டுரங்கன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "ஒழிஞ்சா சரி. தெனம் உன் வாயில வுழறதுக்கு இது தேவல" என்று கிளம்பிவிட்டான். எதிர்த்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவன் உள்ளே எதையோ பத்திரமாக வைத்திருக்கிறான் என்று பஸ்ஸில் போகும்போதே நினைக்கத் தொடங்கினாள்.

கிளினிக்கில் மூன்று பேருக்கும் கறுப்புக் கண்ணாடி. டாக்டர் பேனா மாதிரி ஒன்றைக் கையின்மேல் பிடித்தார். சட், சட், சட் என்று கடுகு வெடிக்கிற சத்தம். வெடித்த இடமெல்லாம் நொடியில் வெள்ளை பூத்தது. முடி பொசுங்கிய நாற்றம் அடித்தது.

"தோலு வெந்துடாதா?" என்றாள் தேசம்மா.

"இந்த வெளிச்சம் வந்து போற நேரம் ரொம்ப ரொம்பக் கம்மி. ஒரு செகண்டை நூறு கோடித் துண்டா வெட்டினா, அதுல சில துண்டு நேரம்தான். அதுக்குள்ள தோலுக்குச் சூடு பரவ நேரமே கிடையாது. மை மட்டும் அடி வாங்கி நொறுங்கிடும்."

பாண்டுரங்கன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் ஈரம் இறங்கியது. தூண்டில் முள் உள்ளங்கையில் ஏறியபோது சிரித்துக்கொண்டே பிடுங்கிப் போட்டவன் அவன். வலிக்கா அழுகிறான்? தேசம்மா மெஷினை விட்டுவிட்டு அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புண் ஆறுவதற்கு விட்டு விட்டு, பல மாதம் போய் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பெயர் வெளுத்தது. பூ முதலில் போனது. ரோ மங்கியது. ஸி-யின் சுழி மட்டும் பிடிவாதமாக நின்றது. தேசம்மா தினமும் அந்தக் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். சந்தோஷப்பட வேண்டியவள், ஒருநாள் டாக்டரிடம் கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

"நொறுங்கின மையெல்லாம் எங்கம்மா போவுது?"

"உடம்பே கொஞ்சங்கொஞ்சமா வாரிக்கிட்டுப் போயிடும். கொஞ்சம் அக்குள்ல போய்த் தங்கும். கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டும் இல்ல? அந்த மாதிரி முடிச்சு அக்குள்லயும் இருக்கு. அங்க போய் நின்னுடும். பயப்படாதே, ஒண்ணும் பண்ணாது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான்."

 அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு போட்டுவிட்டுத் தேசம்மா வெடித்தாள்.

"கையில இருந்தவ நெஞ்சாண்ட பூட்டாளே! வெளிய இருந்தா நானாவது பாத்துக்கினு இருந்திருப்பேன். இப்ப எங்க போய்த் தேடறது?"

பாண்டுரங்கன் சாதுவான ஆள். அன்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"தேசம், ஒண்ணு சொல்றேன் கேளு. மொதல்ல கொஞ்ச நாளு நெனச்சேன். பொய் சொல்லல. அப்பால மறந்துட்டேன். இந்த வூட்ல அந்தப் பேர எடுக்கறது நீ ஒர்த்திதான். காலைல எழுந்தா ரோஸி, ராத்திரி படுத்தா ரோஸி. நான் மறந்தாலும் நீ வுட மாட்டேன்ற. கைய வெட்டிப் போட்டுட்டா வுடுவியா?"

 அடுத்த முறையும் தேசம்மா கிளினிக்குக்குக் கூடவே போனாள். ஸி-யின் சுழியும் போயிற்று. அந்த இடத்தில் தேமல் மாதிரி வெளிறிய திட்டு ஒன்று மிஞ்சியது.

"வேணா உன் பேர குத்திக்கட்டுமா?" என்று சமாதானமாகக் கேட்டான் பாண்டுரங்கன்.

"அவ குடியிருந்த எடத்துக்கு நான் இன்னாத்துக்கு வரணும்?"

அடுத்த வருஷம் பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்கு ரோஸி வருகிறாள் என்று மீன் விற்கிற கூட்டாளி ஒருத்தி சொன்னாள். தேசம்மா நல்ல புடவை கட்டி, மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போனாள். கூட்டாளி தூரத்திலிருந்து காட்டிக்கொடுத்தாள். மணலில் பிள்ளைகளுக்குப் புளிச்சோறு பிரித்துக்கொண்டிருந்தாள் ரோஸி. பூசின உடம்பு, முன்மண்டையில் நரை. தேசம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதலில் பார்த்தது முகத்தை அல்ல, கையை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நீளமாகக் குத்தியிருந்தது: செபஸ்தியான். கீழே ஒரு சிலுவை. வேறு எதுவும் இல்லை. இன்னொரு கை சுத்தமாக இருந்தது.

"வூட்டுக்காரர் பேரா?"

"ஆமாக்கா. நீங்க எந்தக் குப்பம்?"

"பட்டினப்பாக்கம். அங்க யாரனா தெரியுமா உனுக்கு?"

"முன்ன தெரியும். இப்ப யார நெனப்பு கீது? சாப்பிடறியாக்கா?" என்று ஒரு கை சோறு நீட்டினாள்.

தேசம்மா வாங்கிக்கொள்ளவில்லை. அவளுக்கு வந்த கோபம் அவளுக்கே புதிதாக இருந்தது. தன் புருஷன் இவள் பெயரைச் சதையில் வைத்து இத்தனை வருஷம் பேச்சு வாங்கியிருக்கிறான், தோலைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறான். இவளுக்கு அவன் பெயர்கூட வாயில் வரவில்லை. பாண்டுரங்கன் அவ்வளவு மட்டமான ஆளா? மெழுகுவத்தியை ஏற்றாமலே பஸ் பிடித்தாள்.

வீட்டு வாசலில் அவன் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

"ரோஸியப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

அவன் கை நிற்கவில்லை. ஒரு சிக்கை எடுத்து, அடுத்ததில் விரலை விட்டு, அதையும் பிரித்தபிறகு கேட்டான்.

"நல்லா கீறாளா?"

"அத்த கேக்கறதுக்கு இவ்ளோ நேரம் இன்னாய்யா யோசன?" என்றாள் தேசம்மா.