குவளைக்குள் ஒரு கல்யாணம்

மோசஸ் பென் டிரைவை நூலில் கட்டிக் குவளைக்குள் இறக்கினார். மூழ்கியது. ஒரு குமிழி வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு அட்டையில் 'வெள்ளி, காலை 6.40, கடல் நீர், 72 மணி' என்று எழுதிக்கொண்டார். குழாய்த் தண்ணீரில் உப்பு போட்டால் போதாது என்று, திருவிடந்தைக் கரைவரை நடந்து, லுங்கி நனைய நின்று, அலையிலிருந்தே மொண்டு வந்த தண்ணீர்.

"இன்னா அது, கருவாடு ஊறப்போட்டுகினு கீற?" என்றாள் ரெபேக்காள், அடுப்படியிலிருந்து.

"டெஸ்ட்டு" என்றார் மோசஸ்.

செங்கல்பட்டில் ஒரு பேருந்துப் பணிமனையில் மோசஸ் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தார். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. தட்டிப் பார்க்காமல், ஆட்டிப் பார்க்காமல் ஒரு நட்டைக்கூட உள்ளே விட்டவர் இல்லை. வெளியிலும் அதே கைதான். வாளி வாங்கினால் கடையிலேயே கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்பார். குடை வாங்கினால் கடைக்காரரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். பெண் பார்க்கப் போன அன்று, உட்காரச் சொன்ன நாற்காலியை நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே காப்பி குடித்தார். "எங்க அப்பா அன்னிக்கே சொன்னாரு, இந்த ஆளு வேணாம்னு. நாந்தான் கேக்கல" என்று ரெபேக்காள் இன்றைக்கும் சொல்வாள்.

கூடத்து மூலையில் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருக்கும் கம்ப்யூட்டர், இரண்டு வாரமாகக் காப்பிக்கொட்டை அரைப்பது போலச் சத்தம் போட்டது. கோவளத்திலிருந்து மெக்கானிக் கார்த்தி வந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டான்.

"அண்ணாத்த, டிஸ்க்கு போவப் போவுது. ஒரு மாசமும் தாங்கும், நாளைக்கே பூட்டாலும் பூடும். உள்ள கீறத வேற எங்கனா போட்டு வச்சிக்க."

உள்ளே இருந்தது அவர்களுடைய கல்யாணம். ஆல்பம் ஒரு மழை வெள்ளத்தில் கூழாகிப் போயிற்று. அதற்கு முன்பே மகள் அன்பரசி கல்லூரி லீவில் ஸ்கேன் செய்து வைத்த நூற்றுப் பன்னிரண்டு படங்கள்தான் மிச்சம். அடுத்த மாதம் முப்பதாவது கல்யாண நாள் வருகிறது.

"அந்தப் போட்டோ போச்சின்னா நீயும் அது பின்னாடியே பூடு" என்று ரெபேக்காள் சொல்லிவிட்டாள். "எங்கூட்டு ஆளுங்கள்ல பாதிப் பேரு இப்ப அதுல மட்டுந்தான் கீறாங்க."

சிறுசேரியில் வேலை பார்க்கும் அன்பரசி போனில் மூன்று வழி சொன்னாள். பென் டிரைவ், வெளியில் மாட்டும் ஹார்ட் டிஸ்க், ஆன்லைன். "மூணுலயும் போட்டு வைப்பா" என்றாள். மோசஸுக்கு அது பிடிபடவில்லை. மூன்று கம்பெனி கொட்டேஷன் கொடுத்தால் ஒன்றைத்தானே எடுக்க வேண்டும். அந்த ஒன்று எது என்பதற்குத்தான் டெஸ்ட்.

முதலில் ஹார்ட் டிஸ்க். ஊட்டி போன படங்களை அதில் ஏற்றி, பரண்மேலிருந்து மெத்தைமேல் போட்டார். பிழைத்தது. ஸ்கூட்டர் பெட்டியில் வைத்து மதுராந்தகம்வரை போய்த் திரும்பினார். போக வர நாற்பத்திரண்டு வேகத்தடை, ஒன்றில்கூட பிரேக் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து காதருகே குலுக்கியபோது உள்ளே புளியங்கொட்டை உருண்டது. நிராகரித்தார்.

அடுத்தது ஆன்லைன். ஏற்காடு போன படங்களை அனுப்பிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"இப்ப அது எங்க கீது?"

"எங்கனா வெளிநாட்டுல, ஒரு பெரிய கட்டடத்துல கீதுப்பா."

"கேட்டுல யாரு?"

"எந்த கேட்டுல?"

வாட்ச்மேன் பேர்கூடத் தெரியாத இடம். சரி, பூட்டாவது எப்படி என்று பார்க்க, திருடனைப் போல உட்கார்ந்து பத்துத் தடவை தப்பான பாஸ்வேர்டு போட்டார். பதினோராவது தடவை சரியானதைப் போட்டும் அது உள்ளே விடவில்லை. "பூட்டு நல்லா கீது" என்று மகளிடம் திருப்தியாகச் சொன்னார். ஏற்காடு உள்ளேயே இருந்துவிட்டது.

மிஞ்சியது பென் டிரைவ். கடல் வீட்டுக்கு அரை கிலோமீட்டர். வந்தால் அதுதான் வரும். அதனால்தான் கடல் தண்ணீர். வெறும் பென் டிரைவை ஊறப்போட்டால் போதாதா என்று ரெபேக்காள் கேட்டிருந்தால், காலி பஸ்ஸை ஓட்டி பிரேக் பார்க்க முடியுமா என்று திருப்பிக் கேட்டிருப்பார். அவள் கேட்கவில்லை. உள்ளே என்ன சரக்கு என்று அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அன்பரசி வந்தாள். சர்ச்சிலிருந்து திரும்பியதும் கம்ப்யூட்டரைத் திறந்து, கல்யாண நாள் பேனருக்கு ஒரு படம் எடுக்கலாம் என்று தேடினாள்.

"கல்யாண போட்டோ எங்கப்பா?"

"பென் டிரைவுல."

"அது சரி, இதுல எங்க?"

"இதுல எப்பிடி இருக்கும்? அதான் பென் டிரைவுக்கு இஸ்யூ பண்ணிட்டேனே."

அன்பரசி நாற்காலியைத் திருப்பினாள். "கட் பண்ணிப் போட்டியா, காப்பி பண்ணிப் போட்டியா?"

"கட்டுதான். ஒரே சாமான் ரெண்டு ரேக்குல இருந்தா ஸ்டாக் எப்பிடி டேலி ஆவும்? ஆடிட்டுல மாட்டிக்குவேன்."

"யாருப்பா உன்ன ஆடிட் பண்ணப் போறாங்க?"

ரெபேக்காள் கரண்டியோடு வந்து நின்றாள். "அப்ப எங் கல்யாணம் எங்க கீது?"

மோசஸ் குவளையைக் காட்டினார். எழுபத்திரண்டு மணி நேரம் முடிய இன்னும் பதினேழு மணி பாக்கி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, கரண்டியைப் பார்த்து, விட்டுவிட்டார்.

அன்பரசி பென் டிரைவை எடுத்து நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி, மின்விசிறிக்குக் கீழே ஒரு தட்டில் வைத்தாள். அதை அப்போதே சொருகக் கூடாது, நன்றாகக் காய வேண்டும் என்றாள். பிரியாணியை யாரும் தொடவில்லை. ரெபேக்காள் பென் டிரைவ் இருந்த தட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் மோசஸ் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். ஒருமுறை நின்று, "ஒன்னு ரெண்டா கீதுன்னா எது ஒரிஜினல்னு எப்பிடித் தெரியும்?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டுமே ஒரிஜினல்தான்பா."

அவர் அதை நம்பிய மாதிரி தெரியவில்லை.

ஆறு மணிக்குச் சொருகினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. நூற்றுப் பன்னிரண்டில் நூற்றேழு திறந்தன. ஐந்து சாம்பல் கட்டங்களாக நின்றன. ரெபேக்காள் மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்பா இருந்தார். தம்பி இருந்தான். அத்தைகள் மூன்று பேரும் இருந்தார்கள்.

"எது போச்சி?" என்றார் மோசஸ்.

"பந்தி. உங்க பெரியப்பா எலும்பக் கடிச்சிகினு இருப்பாரே, அதுங்க." நிமிர்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போனா போவுது. உங்க ஆளுங்கதான்."

அன்பரசி நூற்றேழையும் தன் லேப்டாப்பில் ஒன்று, புது ஆன்லைன் கணக்கில் ஒன்று, தன் போனில் ஒன்று என்று ஏற்றினாள். ஊசி போடும்போது திரும்பிக்கொள்பவரைப் போல மோசஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. ரெபேக்காள் பென் டிரைவைப் பர்சில் வைத்துக்கொண்டு பத்தரை மணி பஸ்ஸில் கோவளத்துக்குப் போனாள். ஸ்டுடியோவில் நூற்றேழு படங்களையும் தாளில் போட்டு வாங்கிக்கொண்டு நாலு மணிக்குத் திரும்பினாள். மேஜைமேல் கட்டாக வைத்தாள். மோசஸ் மேலே இருந்ததை எடுத்தார். இருவரும் மாலையோடு நிற்கும் படம். சாயம் நிற்கிறதா என்று பார்க்க, ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கினார். ரெபேக்காள் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகத்தின்மேல் மட்டும் தேய்த்துப் பார்த்தார்.