சவரிமுத்து சாரின் முன்கண்ணாடி

மழை பெய்தால் சவரிமுத்து சாரிடமிருந்து எனக்குப் போன் வரும். வண்டி எங்கோ நின்றுபோயிருக்கும். அதனால் அன்று காலை விழுப்புரத்தில் தூறிக்கொண்டிருந்தபோது, என் காரின் திரையில் அவர் பெயர் வந்ததும் நலம்கூட விசாரிக்காமல், "சொல்லுங்க சார், எங்க நின்னுச்சு? கூட்டேரிப்பட்டா, விக்கிரவாண்டியா?" என்றுதான் எடுத்தேன். குரலில் இருந்த எரிச்சலை நான் மறைக்கவும் இல்லை.

"அண்ணன் இல்லீங்க சார். நான் அவரு தம்பி ஆரோக்கியம், திண்டிவனத்துலேர்ந்து பேசறேன்" என்றது வேறு குரல். "அண்ணன் காலைல காபி குடிச்சிக்கினு இருந்தாரு. மழ வருது, வண்டிமேல தார்ப்பாய் போட்டுட்டு வந்துடறேன்னு எழுந்தாரு. அப்படியே உக்காந்துட்டாருங்க. அவ்ளோதான்."

கடைசியாக எழுந்ததும் அந்தக் காருக்காகத்தான். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். என் காரின் வைப்பர் யாரும் சொல்லாமல் தானாகவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

விழுப்புரம் நீதிமன்றத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அடக்கத்துக்கு வந்திருந்தீர்கள். பெட்டிக்குள் அவர் கைப்பக்கம் ஒரு புகையிலைப் பொட்டலம் இருந்ததையும் பார்த்தீர்கள். "சார் போடுவாரா? நமக்குத் தெரியவே இல்லையே" என்று கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே பேச்சு அடிபட்டது. அவர் போடமாட்டார். ஒரு நாளும் போட்டதில்லை. அந்தப் பழியை எடுக்காமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்குக் கை வரவில்லை.

அவர் சிரஸ்தார், கோர்ட் கோப்புகளுக்குப் பொறுப்பாளர். எந்த வழக்கின் எந்தச் சான்றாவணம் எந்தக் கட்டுக்குள் இருக்கிறது என்று எழுந்து பார்க்காமலே சொல்வார். நான் பக்கத்து அறையில் சுருக்கெழுத்தர். இருவருக்கும் அப்போது வீடு திண்டிவனத்தில். பதினோரு வருடம் அவருடைய காரில் விழுப்புரம் போய் வந்தேன். ரயில் இருந்தது, பஸ் இருந்தது, பிறகு ஏன் போனீர்கள் என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். பதில் எனக்கும் தெரியாது. காலையில் வாசலில் வந்து நின்று ஹாரன் அடிப்பார், நான் திட்டிக்கொண்டே போய் ஏறுவேன்.

காரின் பெயரைச் சொல்ல வேண்டாம். உருண்டை முதுகு, வெள்ளை நிறம், ஒரு காலத்தில் கலெக்டர்களெல்லாம் ஏறியது என்றால் போதும். அதை யாரிடமிருந்தோ வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது. செய்தவர்கள் மேல் குற்றமில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளப்பட்ட அதே மாதிரி கார்களை நான் கண்டிருக்கிறேன், நன்றாகவே ஓடின. இவர் பாலீஷ் போடுவார், டேஷ்போர்டில் மாதா படத்துக்குப் பூ வைப்பார், ஸீட்டுக்குப் புது உறை தைப்பார். பழுது மட்டும் பார்க்கமாட்டார். கேட்டால், "காருக்கு ஒண்ணும் ஆவல சார், மழதான் ஓவரு" என்பார்.

மழைக்காலத்தில் இடப்பக்கம் உட்காருகிறவரின் முட்டியில் சொட்டும். எந்த முட்டி என்பதுகூட நிச்சயம்: வலது முட்டி. நான் கோர்ட்டுக்கு ஒற்றைக்கால் நனைந்த பேன்ட்டோடு போவேன். கண்ணாடியை ஏற்றினால் உள்ளே மூச்சுப் பனி படர்ந்து ரோடு தெரியாது, இறக்கினால் தோள் நனையும். தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால் கொஞ்ச தூரத்துக்குப் பிரேக் பிடிக்காது. அவர் பெடலை மெல்ல மெல்ல மிதித்து அதைக் காயவைத்துக்கொண்டே, அன்றைய கேஸ் ஒன்றைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். எதிரே லாரி வந்துகொண்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த வைப்பர். இரண்டு முறை போய் வரும், மூன்றாவது முறை பாதியில் நின்றுவிடும். முதல் தடவை அப்படி நின்றது கூட்டேரிப்பட்டுக்கு அருகில், நல்ல அடைமழையில். நான் மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டேன், எனக்கு அது சாமியில்லை என்றாலும். சார் பதறவில்லை. ஓரங்கட்டி நிறுத்தினார், டேஷ்போர்டு பெட்டியிலிருந்து ஒரு புகையிலைப் பொட்டலத்தை எடுத்தார், குடையோடு இறங்கினார். ஒரு பிடி புகையிலையை மழையில் நனைத்துப் பிசைந்து கண்ணாடி முழுக்கத் தேய்த்தார். பழுப்புத் தண்ணீர் வழிந்தது. பிறகு பார்த்தால், கண்ணாடியில் துளி நிற்கவில்லை. பெய்கிற மழை அப்படியே தகடாக வழிந்து போனது. ரோடு பளிச்சென்று தெரிந்தது.

"லாரி டிரைவர் ஒருத்தரு சொல்லிக்குடுத்தது சார்" என்றார், கையை மழையிலேயே கழுவிக்கொண்டு. "விக்கிரவாண்டி வரிக்கும் தாங்கும். அப்புறம் இன்னொரு கை."

"வைப்பர் மோட்டார மாத்தினா கோர்ட் வரிக்கும் தாங்குமே சார்?"

"மாத்தணும் மாத்தணும்" என்றார். அந்த 'மாத்தணும்' அவர் சாகும்வரை நிலுவையில் இருந்தது.

அன்று இன்னொன்றும் சொன்னார். "வீட்ல சொல்லிடாதீங்க சார். வைப்பரு மாத்திட்டன்னு சொல்லிக்கீறேன். இல்லன்னு தெரிஞ்சா வண்டிய வித்துடுவா." அவருடைய மனைவி பிலோமினா டீச்சர், அங்கன்வாடியில் இருந்து ஓய்வு பெற்றவர், சொன்னால் செய்கிறவர். நான் சரி என்று தலையாட்டினேன். அது என் தப்பு. அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நான் விழுப்புரத்தில் மகன் வீட்டுக்கு வந்தேன், புதுக் காரும் வாங்கினேன். ஒரு மழை நாளில் அவரை அதில் ஏற்றிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், காட்டத்தான் போனேன். முதல் துளி விழுந்ததும் வைப்பர் தானாக ஓடியது. ஒரு பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிப் பனி விலகியது. ஈர ரோட்டில் பிரேக் போட்டேன், வண்டி நேராக நின்றது. முட்டி உலர்ந்தே இருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி சார்?" என்றேன்.

"நல்லாதான் கீது. ஆனா மழ பெய்யறத உங்க வண்டி உங்ககிட்ட சொல்லவே மாட்டேங்குதே சார். என் வண்டின்னா முட்டிகிட்ட சொல்லிடும், நாம மெதுவா போவோம்."

அதில் ஒரு துளி நியாயம் இருந்தது என்பதுதான் எரிச்சல். முண்டியம்பாக்கம் பக்கம் ஒரு பாலத்தடியில் தேங்கியிருந்த தண்ணீரின் ஆழம் தெரியாமல், உள்ளே சுகமாக உட்கார்ந்திருந்த தைரியத்தில், அப்படியே இறக்கிவிட்டேன். திரையில் சிவப்பும் மஞ்சளுமாக என்னென்னவோ விளக்குகள் எரிந்தன, எஞ்சின் அணைந்தது. இரண்டு கிழவர்களும் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினோம். "என் வண்டின்னா பிளக்க துடைச்சி மாட்டிக்கினு ஜல்தியா போயிருக்கலாம்" என்றார். முந்தைய வருடம் அதே பாலத்தடியில் அவர் கார் நின்று, நான் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்ததை நினைவுபடுத்தினேன். "அது வேற தண்ணி சார்" என்றார்.

இப்போது அடக்கத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். வாசலில் நாற்காலி போட இடம் வேண்டுமென்று காரை நகர்த்தினார்கள். சாவியைத் தேடி டேஷ்போர்டு பெட்டியைத் திறந்த ஆரோக்கியம், அங்கே நான்கு புகையிலைப் பொட்டலங்களைப் பார்த்துவிட்டார். அவர் வல்லத்துப் பக்கம் விவசாய வேலை செய்கிறவர், நாள் முழுக்கப் புகையிலை போடுகிறவர். தன்னைப் போலவே அண்ணனும் போட்டிருக்கிறார், பாவம் ஒளித்து வைத்துப் போட்டிருக்கிறார் என்று அவருக்கு மனசு உருகிவிட்டது. செத்தவருக்குப் பிரியமானதைக் கூட வைத்து அனுப்புவதுதானே வழக்கம். ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து, அழுதுகொண்டே, ஜெபமாலை சுற்றிய கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதைப் பார்த்த நொடியில் பிலோமினா டீச்சரின் அழுகை நின்றுவிட்டது. பிறகு கல்லறையிலும் அவர் அழவில்லை. வந்தவர்கள் தைரியசாலி என்றார்கள். எனக்குத்தான் காரணம் தெரியும். டீச்சரின் அப்பா காணை என்ற ஊர்ப் பக்கம் கரும்பு வெட்டியவர், புகையிலை போட்டுப் போட்டு வாயில் புற்று வந்து, கஞ்சிகூட இறங்காமல் செத்தவர். கூட இருந்து பார்த்தவர் டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் மாப்பிள்ளையிடம் வாங்கியது ஒரே ஒரு சத்தியம், புகையிலையைத் தொடக்கூடாது என்பது.

மறுநாளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணாடிக்கா? பொகையிலயா?" என்றார். "நீங்க அவரு ஃபிரண்டு. வேற எப்படிண்ணா சொல்லுவீங்க?" வேண்டப்பட்டவர் சொல்லும் சாட்சிக்கு மதிப்பில்லை என்று எத்தனை தீர்ப்புகளை நானே தட்டச்சு செய்திருக்கிறேன்.

மழைக்காகக் காத்திருந்தேன். பெய்யக் கூடாத நாளெல்லாம் பெய்கிற மழை, அப்போது பார்த்து மூன்று வாரம் போக்குக் காட்டியது. ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது, நான் திண்டிவனத்துக்கு விரைந்தேன்.

"டீச்சர், அந்த வண்டி சாவி எங்க?"

"எதுக்குண்ணா இந்த மழயில?"

"பத்து நிமிஷம். கூட வந்து உக்காருங்க, போதும்."

தயங்கித் தயங்கி வந்தார். நான் ஓட்டினேன், அவர் இடப்பக்கம் உட்கார்ந்தார். தெரு தாண்டுவதற்குள் அவர் வலது முட்டியில் சொட்டியது. பெரிய ரோட்டுக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டேன். இரண்டு முறை போய் வந்தது. மூன்றாவது முறை பாதியில் நின்றது. வாழ்நாளில் முதன்முறையாக அதைக் கும்பிடத் தோன்றியது.

"வைப்பரு மாத்திட்டன்னாரே?" என்றார் டீச்சர்.

"உங்ககிட்ட அப்படித்தாங்க சொல்லிக்கினு இருந்தாரு."

ஓரமாக நிறுத்தி, மிச்சமிருந்த மூன்று பொட்டலங்களில் ஒன்றைப் பிரித்து, இறங்கித் தேய்த்தேன். என் மூக்குக்கண்ணாடி, சட்டை எல்லாம் நனைந்தது. தண்ணீர் தகடாக வழிய ஆரம்பித்ததும் உள்ளே டீச்சரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினார்.

"இந்தக் கண்ணாடி வழியாதான் இருவது வருஷமா என்ன கோயிலுக்கு இட்டுக்கினு போனாரா? என் பொண்ண பிரசவத்துக்கு இட்டுக்கினு போனாரா, ஊத்து ஊத்துன்னு ஊத்தன அன்னிக்கி? வாயில போட்டிருந்தாகூட அவரு ஒருத்தரோட போயிருக்கும்ணா! இது எங்க எல்லாரையும்ல சாவடிச்சிருக்கும்! பேஜாரு புடிச்ச மனுஷன்!"

நடு ரோட்டில், கொட்டுகிற மழையில், செத்துப்போன புருஷனை அவர் திட்டிய திட்டை முழுதாக இங்கே எழுத முடியாது. பிறகு காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். மூன்று வாரமாக வராத அழுகை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அழுது முடித்ததும் என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கினார். அப்பா போன நாளிலிருந்து அவர் தொடாத பொருள். ஒரு பிடி எடுத்து, "இந்த ஓரத்த தேய்க்காம உட்டுட்டீங்களே" என்று கண்ணாடியின் இடது ஓரத்தைத் தானே தேய்த்தார். பிறகு உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"இந்த வாசனதாண்ணா. மழக்காலமானா அவரு கையில வரும். ஒவ்வொரு வருசமும் வந்துது. நான் கேக்கல."

"ஏங்க கேக்கல?"

"ஆமான்னு சொல்லிட்டாருன்னா?"

இருபது மழைக்காலம். ஒருவர் வைப்பரை மறைத்தார், இன்னொருவர் பயத்தை மறைத்தார், மூன்றாவதாக நான் ஒருவன் எல்லாம் தெரிந்தும் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

டீச்சர் காரை விற்கவில்லை. மறுநாளே மெக்கானிக்கைக் கூப்பிட்டு வைப்பர் மோட்டாரை மாற்றினார். நான் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம், சவரிமுத்து சார். அரை மணி நேர வேலை.

பிரிக்காத இரண்டு பொட்டலங்களை, "இத வீட்ல வெக்கமாட்டேன், எடுத்துக்கினு போங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். சவரிமுத்து சாரிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான். என் புதுக் காரின் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்தக் காருக்கு அது தேவைப்படாது. போன வாரம் என் மனைவி எதையோ தேடப்போய் அதைப் பார்த்துவிட்டு, "என்ன இது?" என்றாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கூட்டேரிப்பட்டில் மழை பெய்த அந்த முதல் நாளிலிருந்து ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சார்.